உப்புப் போட்ட ஏரி

மதலேன் அக்கா மதகின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

செங்கல்லால் கட்டிய சின்ன மதகு. உள்ளே இருக்கும் பலகையைத் தூக்கி இறக்க, அதன் தலையில் ஓர் இரும்புத் திருகு நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் திருகை முந்தானையால் மூடி, அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, கறுப்புக் குடையைத் தோளில் சாய்த்தபடி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காம்புகளையெல்லாம் கரையின் வறண்ட பக்கமாகவே போட்டாள். ஒன்றுகூடத் தண்ணீரில் விழவில்லை. அவ்வளவு பக்தி.

எதிரே என் வீட்டுக்காரர். பெயர் அருளப்பன். மனைவி புருஷன் பெயரை அச்சில் எழுதலாமா என்று கேட்டு எனக்குக் கடிதம் போடுகிறவர்கள், அவரிடமே கேட்டுக்கொள்ளட்டும். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்து மாட்டிக்கொண்ட பையனைப் போல நின்றார்.

"அக்கா, கொஞ்சம் எழுந்திரிங்க. பலகைய ஒரு சாண் தூக்கணும்."

"தூக்கினா தண்ணி எங்க போவும்?"

"ஓடைக்குப் போவும்."

"ஓடை எங்க போவுது?"

ஓடை எங்கே போகிறது என்று முத்தியால்பேட்டையில் யாருக்குத்தான் தெரியாது? சாராயக் கடையின் பின்பக்கமாகப் போய், தோல் ஊறும் தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு, ஊர்ச் சாக்கடையோடு தோள் சேர்ந்து கடலுக்குப் போகிறது.

"மந்திரிச்ச தண்ணிய சாராயக் கட பின்னால உடறதுக்கா உனக்கு ஞானஸ்நானம் குடுத்தாங்க?" என்றாள் மதலேன் அக்கா. "போ தம்பி. நீ போய்ச் சாப்புடு. நான் இங்கியேதான் இருப்பேன்."

செம்மண்ணும் கைப்பிடிக் களியும்

போன வாரம் என் கல்யாணத்தோடு நிறுத்தியிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் குடியேறியது ஒரு வீட்டில் அல்ல, ஒரு கரையில் என்றுதான் சொல்ல வேண்டும்.

முப்பதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். பொதுமராமத்து ஆபீசில் அவருக்குக் கண்காணிப்பு வேலை. முத்தியால்பேட்டைக்கு மேற்கே, நிலம் மெல்ல மேடேறிச் சிவக்கும் இடத்தில், மழைநீர் அறுத்துப்போட்ட ஓர் ஓடை இருந்தது. அதன் இடுப்பில் குறுக்காக ஒரு மண்கரை போட்டு, தேங்கும் தண்ணீரை இரும்புக் குழாயில் இறக்கி, எங்கள் தெருக்களில் மூன்று இடங்களில் குழாய் வைப்பது என்று அவர்தான் யோசனை சொன்னார். வெள்ளைக்கார எஞ்சினியர் முதலில் சிரித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

எங்கள் கிணறுகளைப் பற்றித் தெரிந்தால்தான் அந்தக் கையெழுத்தின் ருசி தெரியும். கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் நாலு தெரு. கிணற்று நீரில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. காப்பியில் சர்க்கரைக்குப் பின்னால் ஓர் உப்பு வந்து நாக்கில் உட்காரும். நல்ல தண்ணீருக்குப் பெண்கள் குடத்தோடு நெல்லித்தோப்புப் பக்கம் வரை நடப்பார்கள். நடந்து நடந்து எங்கள் தெருப் பெண்களுக்கு இடுப்பில் ஒரு பக்கச் சாய்வே வந்துவிட்டிருந்தது. கோயிலில் வரிசையாக முழங்கால் போட்டிருக்கும்போது பின்னாலிருந்து பார்த்தால், காற்றில் ஒரே பக்கம் சாய்ந்த சவுக்குக் கன்றுகள் போல இருப்பார்கள்.

கரை எழுந்த மாதங்கள் எனக்கு இன்னும் கைகளில் இருக்கின்றன. அவர் தினமும் ஒரு பிடி களிமண்ணைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வருவார். சாப்பாட்டு மேசையில் அதை நனைத்து, விரலால் உருட்டி, கயிறு போல நீட்டிப் பார்ப்பார். அறுந்தால் முகம் வாடும். அறுபடாமல் நீண்டால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். கரையின் நடுவில் நெஞ்செலும்பு மாதிரி ஒரு களிமண் சுவர் போக வேண்டுமாம். இருபுறமும் செம்மண் அதைப் போர்த்தியிருக்க வேண்டுமாம். புது மனைவிக்குப் பூ வாங்கி வருகிற புருஷர்கள் உண்டு. எனக்கு வந்தது களி. நானும் உருட்டக் கற்றுக்கொண்டேன். என் கயிறு அவருடையதைவிட நீளமாக வந்தது. அதை அவர் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை.

கூடை கூடையாக மண் கொட்டுவார்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் தெளித்து மாடுகளை விட்டு மிதிக்கவிடுவார்கள். ஈர மண்ணும் மாட்டுச் சாணமும் வெயிலும் கலந்த அந்த மணத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பசிக்கிறது. ஏன் என்று தெரியவில்லை.

ஆவணியில் அடித்த இடிமழையில் ஏரி ஒரே மூச்சில் நிறைந்தது. ஏரி என்று சொல்வது எங்கள் பெருமை. கோயில் தேர் நின்று திரும்பக்கூடிய அளவுதான் தண்ணீர். ஆனால் அதில் வானம் முழுசாக விழுந்தது.

சாமியார் கைவிட்டுப் போட்ட உப்பு

வினை அங்கே தொடங்கியது. சந்தோஷத்தில் அவர் பெரிய சாமியாரிடம் போய், "குழாய் திறக்கறதுக்கு முன்ன வந்து ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்க, சாமி" என்று கேட்டுவிட்டார்.

அவர் நினைத்தது கரைக்கு ஓர் ஆசீர்வாதம். புது வீட்டுக்கும் புது மாட்டுவண்டிக்கும் செய்கிற மாதிரி, நாலு துளி தெளித்து ஒரு சிலுவை. பெரிய சாமியாரோ எதையும் அரைகுறையாகச் செய்யாதவர். பிரான்சு தேசத்து மலைக்கிராமத்துக்காரர். தண்ணீரைக் கண்டால் அவருக்கு ஊர் நினைவு வந்துவிடும். பீடத்துப் பையன்களோடு, தூபத்தோடு, முழு உடுப்பில் வந்தார். புத்தகத்தைப் பிரித்து நீளமாக லத்தீனில் வாசித்தார். பிறகு வெள்ளித் தட்டிலிருந்து உப்பை எடுத்து மந்திரித்து, கை நிறைய அள்ளி, ஏரியில் சிலுவையாகப் போட்டார்.

எங்கள் ஜனத்துக்கு லத்தீன் தெரியாது. உப்புத் தெரியும். சும்மா தெளிக்கிற ஆசீர்வாதத்துக்கு உப்பு கிடையாது. உப்புப் போட்டால் அது தீர்த்தம். வாசல் நிலைக்குப் பின்னால் புட்டியில் வைத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் தடவுகிற தண்ணீர்.

கரையில் நின்ற அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். என் கையும் போட்டது. என் வீட்டுக்காரர் மட்டும் முகமெல்லாம் மலர்ந்து நின்றார். விளங்கவில்லை, பாவம். ஆண்பிள்ளை. அவர் வீட்டில் தண்ணீர் புழங்கியதில்லை.

மறுநாள் காலை குழாயடியில் குடத்தோடு ஒருத்தியும் வரவில்லை. புட்டியோடு வந்தார்கள். ஒயின் புட்டி, மருந்துப் புட்டி, மூடி இல்லாமல் துணி அடைத்த புட்டி. குழாயைத் திருகி, நிரப்பி, உதட்டில் ஒற்றி முத்தி செய்து, தலைமேல் வைத்துக்கொண்டு போனார்கள். ஆளுக்கு ஒரு புட்டி. அதோடு சரி. நெல்லித்தோப்புக்குக் குடங்கள் பழையபடி நடந்தன.

"ஏன் குடத்துல எடுக்க மாட்டேங்கறாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"சோறு வடிச்சா கஞ்சி எங்க போவும்?"

"சாக்கடைக்கு."

"குளிச்சா?"

யோசித்தார். எந்தப் பக்கம் போனாலும் ஒரே இடத்தில் முடிந்தது. எல்லாத் தண்ணீரும் கடைசியில் போய்ப் படுக்கிற இடம் சாக்கடைதானே.

"அப்ப நீயுமா?" என்றார்.

நானும்தான். மூலையிலிருந்த உப்புக் கிணற்றுத் தண்ணீர்க் குடத்தை அவர் அப்போதுதான் பார்த்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாத அந்த இரண்டு நாளும் களியை மட்டும் தவறாமல் கொண்டுவந்து வைத்தார். எங்கள் கோபமெல்லாம் அப்படித்தான்.

இந்துக் குடும்பங்களாவது எடுக்குமென்று பார்த்தார். அவர்கள் அதற்கு மேல். "உங்க சாமி தண்ணியில நாங்க காலு கழுவினா நல்லாவா இருக்கும்?" என்று ஒதுங்கிவிட்டார்கள். கனகசெட்டிக்குளத்திலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலை மட்டும் ஒரு செம்பு கேட்டு வாங்கிப்போனாள், புதுப் படகின் மூக்கில் ஊற்ற. அடுத்த நாள் அந்தப் படகுக்கு வஞ்சிரம் வகையாகப் பட்டது. அதோடு நிலைமை இன்னும் மோசமாயிற்று. தண்ணீரின் மதிப்பு ஏறிப்போனது.

எஞ்சினியர் வைத்த கெடு

ஐப்பசி நெருங்கியது. வெள்ளைக்கார எஞ்சினியர் கரைக்கு வந்து, பூட்ஸ் காலால் மண்ணைத் தட்டிப் பார்த்தார். மிஞ்சும் தண்ணீர் வழியப் பக்கத்துப் பாறையில் வெட்டியிருந்த போக்குவாயின் விளிம்பு வரை ஏரி நின்றது. கரையோ பிறந்த குழந்தை, இன்னும் உட்காரவில்லை. பெருமழை வந்தால் உள்ளே இடமில்லை, அந்தச் சின்ன வாய் மட்டும் போதாது. தண்ணீர் மண்கரையின் தலைமேல் ஏறி வழிந்தால் அதற்குப் பிறகு கரை கிடையாது. கீழே ஓடையோரம் குடிசைகள் இருந்தன.

"மழைக்கு முன்னால் பாதிக்குக் கீழே இறக்கு, முசியே அருளப்பன்," என்றார். "இல்லையென்றால் நானே கரையை வெட்டிவிடுவேன். ஜனம் எடுக்காத தண்ணீருக்கு ஏரி எதற்கு?"

அதற்காகத்தான் அன்று மதகைத் திறக்கப் போனார். அதற்காகத்தான் மதலேன் அக்கா அங்கே உட்கார்ந்தாள். மறுநாள் அவளோடு இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். பாயும் வெற்றிலைத் தட்டும் கொண்டுவந்தார்கள். அவரைக் கண்டதும் ஜெபமாலை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். நடுவில் புகுந்து பேச முடியாது பாருங்கள்.

மதலேன் அக்காவைப் பொல்லாதவள் என்று நினைக்க வேண்டாம். மூன்று தெருவுக்கும் அவள்தான் பிரசவம் பார்ப்பாள். விதவை. ஏழெட்டுத் தென்னை நிற்கும் காய்ந்த தோப்பு ஒன்று அவளுக்கு மிச்சம். என் கல்யாணத்தில் எனக்குத் தலை வாரிவிட்டதும் அவள்தான். ஆனால் சாமி காரியம் வேறு.

அன்று சாயங்காலம் அவர் சாப்பிடவில்லை. வானம் வடகிழக்கில் கறுத்திருந்தது. வாசலில் நின்று அதைப் பார்த்தார். எல்லோரும் மழைக்கு ஏங்குகிற ஊரில், மேகத்தைப் பார்த்துப் பயந்த ஒரே மனிதர். எனக்குத் தாங்கவில்லை.

கோயில்பிள்ளை ஊற்றிய இடம்

காலைப் பூசை முடிந்ததும் பெரிய சாமியாரைப் போய்ப் பார்த்தேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு விஷயத்தைச் சொன்னேன். தாடியை நீவினார். எங்களுக்குப் பேச்சுத் தமிழ் போல அவருக்கு அச்சுத் தமிழ்.

"மகளே, ஆசீர்வாதம் கொடுக்க எமக்கு அதிகாரம் உண்டு. கொடுத்ததைப் பிடுங்க அதிகாரம் இல்லை."

"அப்ப அது எப்பவுமே தீர்த்தம்தானா, சாமி?"

"அப்படியன்று. பாதிக்கு மேல் புதுத் தண்ணீர் கலந்தால் மந்திரிப்பு நில்லாது. அது விதி."

மழை பெய்தால் தீரும். ஆனால் மழைக்கு இடமில்லை. இடம் வேண்டுமானால் இதை இறக்க வேண்டும். இறக்கினால் சாக்கடை. மனசுக்குள் சுற்றிச் சுற்றி வந்தபடி படி இறங்கினேன்.

வாசலில் கோயில்பிள்ளை, அதாவது மணி அடித்து, விளக்கேற்றி, கோயிலைக் கூட்டுகிறவர், தீர்த்தக் கல்தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அடியில் மிஞ்சிய பழைய தண்ணீரைச் செம்பில் மொண்டார். நடைபாதையைத் தாண்டிப் போய், சுவரோர அரளிச் செடியின் வேரில் ஊற்றினார்.

பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சிதான். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"ஐயா, எப்பவும் வேர்லதான் ஊத்துவீங்களா?"

"பின்ன? மந்திரிச்சது மண்ணுக்குத்தாம்மா போவணும். இல்லாட்டி சாமியாரு என்னியே ஊத்திப்புடுவாரு."

நான் நடந்தேனா ஓடினேனா தெரியாது. செருப்பைக் கோயில் வாசலிலேயே விட்டிருந்ததை மதகுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

"மதலேன் அக்கா, வேர்ல ஊத்தலாமாம்."

"எந்த வேர்ல?"

"எந்த வேருன்னாலும். மண்ணு குடிச்சா தப்பில்ல. கோயில்லியே அப்படித்தான ஊத்துறாங்க."

ஜெபமாலை நின்றது. மதலேன் அக்கா திருகின் மேலிருந்து முழங்கையை எடுத்தாள். அவள் முகத்தில் ஒரு கணக்கு ஓடியது; பக்தியும் தோப்பும் ஒரே முடிச்சில் வந்து விழுந்த கணக்கு.

"தென்ன மரத்து வேர்ல?"

"தாராளமா."

"அப்ப மொதல்ல எங்க தோப்புக்கு," என்று எழுந்தாள். "நாந்தான இத்தினி நாளு காவ காத்தேன்."

"காவ காத்தியா, கழுத்தறுத்தியா?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. பாய் சுருட்டப்பட்டது.

மோட்சத்துக்குப் போன வாழைகள்

அதற்குப் பிறகு நடந்ததை ஊர்த் திருவிழா என்றால்தான் சரி.

குழாய்களின் வாயில் வாழைமட்டையை வைத்துத் தோப்புகளுக்கு வாய்க்கால் இழுத்தார்கள். கோடை முழுவதும் தாகத்தில் நின்ற தென்னைகள் இரவும் பகலும் குடித்தன. முருங்கை, மல்லிகை, புடலைப் பந்தல், கல்லறைத் தோட்டத்துச் சங்குப்பூ, எல்லாவற்றுக்கும் தீர்த்தம். குடங்கள் வந்தன. தொட்டிகள் வந்தன. கனகசெட்டிக்குளத்திலிருந்து அஞ்சலை இரண்டு மாட்டுவண்டியில் பீப்பாய்களோடு வந்து இறங்கினாள்.

"உங்களுக்கேது அங்க வேரு? எல்லாம் மணலு," என்றாள் மதலேன் அக்கா.

"படவு மரந்தான யக்கா? அது ஒரு காலத்துல வேரோட நின்னுதுதான?"

மதலேன் அக்கா விலகி வழிவிட்டாள். பீப்பாய்கள் நிறைந்தன.

"என் வாழைக்கு நேத்தே முறை. நீ எப்படித் திருப்பிக்கின?"

"உன் வாழ மோட்சத்துக்குப் போயி என்னா பண்ணப் போவுது? தள்ளு."

அவர் கரைமேல் நின்று சிரித்துக்கொண்டே இருந்தார். நாளுக்கு நாள் ஏரி இறங்கியது. தண்ணீர் விலகிய சரிவில் ஈரச் செம்மண், கரைக்குப் பாவிய கருங்கல்லோடு சேர்ந்து பளபளத்தது. கொக்குகள் வந்து, சொந்தக்காரர்கள் போல நடந்தன. ஒரு கட்டத்தில் கோயில் தேர் என்ன, ஒரு பல்லக்குத் திரும்பக்கூட இடமிருக்காது என்கிற அளவுக்குத் தண்ணீர் சுருங்கியது. எஞ்சினியர் வந்தார். பார்த்தார். "பியேன்," என்று ஒரு சொல் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார். நல்லது என்று அர்த்தம். அந்தச் சொல்லைச் சாயங்காலம் வரை என் வீட்டுக்காரர் வாயில் வைத்திருந்தார்.

மழை

அது ஒரு காலையில், தூறல் என்ற நாகரிகமே இல்லாமல், நேராக மழையாகவே வந்தது.

அவர் கரைக்குப் போனார். நான் சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். மேட்டிலிருந்து சிவப்புத் தண்ணீர் நூறு நாக்குகளாக இறங்கி வந்தது. ஓடை முனகியது, பிறகு பேசியது, பிறகு கத்தியது. ஏரி எங்கள் கண்முன்னால் எழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒரு மிருகம் முதுகை வளைத்து எழுவது போல எழுந்தது.

அவர் கரையின் வெளிச்சரிவில் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தார். ஒரு கோட்டளவு கசிவு கண்டாலும் முடிந்தது. நான் மறுமுனையிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். நடுவில் சந்தித்தோம்.

"உம் பக்கம்?"

"ஒன்னுமில்ல. உங்க பக்கம்?"

"இல்ல."

மறுபடி பிரிந்தோம். மறுபடி சந்தித்தோம். இப்படியே மத்தியானம் போயிற்று. நாங்கள் மேசையில் உருட்டிய களியெல்லாம் உள்ளே இருட்டில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் கடைசியில் கரையின் தலைக்கு ஒரு முழம் கீழே வந்து, பாறையில் வெட்டிவிட்ட அந்தப் போக்குவாயைக் கண்டுபிடித்தது. ஒரு கணம் தயங்கியது. பிறகு அந்த வழியே, கண்ணாடிப் பட்டை ஒன்றை வளைத்தது போல, ஓசையோடு வழியத் தொடங்கியது. கரை நின்றது.

அவர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். கல்யாணத்துக்குக் கட்டிய சேலை அது. மிச்ச நாளெல்லாம் அதன் கரை செம்மண் நிறத்திலேயே இருந்தது.

குழாயடி

மறுநாள் வானம் கழுவின தட்டு மாதிரி இருந்தது. ஆனால் தெரு அடங்கியிருந்தது. ஏரியில் பாதிக்கு மேல் புதுத் தண்ணீர் என்று எல்லோருக்கும் தெரியும். சாமியாரே பூசையில் சொல்லியிருந்தார். இருந்தாலும் முதல் குடம் யாருடையது? வாசலுக்கு வாசல் பெண்கள் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எடுக்காவிட்டால் கரை நின்றும் பயனில்லை. எஞ்சினியரின் அந்தக் கேள்வி அப்படியே இருந்தது.

என் வீட்டுக்காரர் உள்ளே கண்ணாடி முன்னால் முகத்தில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். கை கத்தியில், காது தெருவில்.

மதலேன் அக்கா தன் வீட்டிலிருந்து இறங்கினாள். கையில் மண்சட்டி. சட்டியில் அஞ்சலையிடம் வாங்கிய நெத்திலி. குழாயடிக்கு வந்தாள். குனிந்து முகர்ந்தாள். திருகினாள். தண்ணீர் சட்டியில் விழுந்தது. மீனை அலசினாள். இன்னொரு தரம் அலசினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ஏண்டி ரோசலி, என்னாடி தண்ணி இது? செம்மண்ணாட்டம் வருது. மீனு கழுவுறனா, மீனுக்குச் சாயம் போடுறனா? ஒரு குழாய ஒழுங்கா வெக்கத் தெரியல, ஏரி கட்ட வந்துட்டாரு உம் புருசன்."

அவர் பாதி முகம் மழித்த கோலத்தில் வாசலுக்கு வந்தார்.

"என்னா சொன்னீங்க அக்கா?"

"தண்ணி மோசம்னேன்."

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"மோசம். படு மோசம். போதுமா?"

"போதும் அக்கா," என்றார். கன்னத்தில் இருந்த சோப்பு, சிரிப்பில் விரிசல் விட்டது.

எதிர்வீட்டுக்காரி குடத்தோடு இறங்கினாள். அவளும் எட்டிப் பார்த்து, "ஆமா, கலங்கலாத்தான் வருது," என்று முகத்தைச் சுளித்துவிட்டு, நிரப்பிக்கொண்டு போனாள். அடுத்தவள் வந்தாள். குழாய் மெதுவாக ஊற்றுகிறதாம். அதற்கடுத்தவளுக்குக் குழாய் உயரம் சரியில்லை. மத்தியானத்துக்குள் தெரு முழுவதும் அந்தத் தண்ணீரைத் திட்டித் தீர்த்து, அந்தத் தண்ணீரிலேயே சமைத்தது.

மதலேன் அக்கா சட்டியைச் சாய்த்தாள். மீன் கழுவிய தண்ணீர் செதில்களோடு தெருவில் இறங்கி, வளைந்து, சாக்கடையில் விழுந்தது. யாரும் சிலுவை போட்டுக்கொள்ளவில்லை.